ஒரு சொல்லை வைத்து வாதாடுவது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: “ஒரு சொல்லை வரையறுத்து வாதக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். ‘பொய்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். அகராதிப் பொருளில் தொடங்கி, பொய்யின் வகைகள், அதன் தீமைகள் என்று மூன்று பக்கம் எழுதினேன். ‘இதில் வாதமே இல்லை’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்கே தவறு? இதை எப்படிப் பழகுவது?”

திருப்பிக் கொடுத்தவர் சொன்னது சரிதான். நீங்கள் எழுதியது விளக்கக் கட்டுரை. பொய் கெட்டது என்பதை மறுக்க எதிரே ஆள் இல்லை. எதிராளி இல்லாத இடத்தில் வாதம் ஏது? மாணவர் கட்டுரைகளைத் திருத்துவது பல வருஷமாக என் பிழைப்பு, அதனால் சொல்கிறேன்: இந்த வகையில் முதல் முறை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள். ஒரு சொல்லைத் தலைப்பாக வைத்துக்கொண்டு அதைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் கொட்டுவார்கள். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ‘மற்றொன்று விரித்தல்’ என்று ஒன்று உண்டு. அது இதுதான்.

வரையறை வாதம் சொல்லிலிருந்து பிறப்பதில்லை, ஒரு வழக்கிலிருந்து பிறக்கிறது. கிரேக்க, ரோமானியப் பேச்சுக்கலை ஆசான்கள் எந்தத் தகராறையும் நான்கு கேள்விகளாகப் பிரித்துப் பார்த்தார்கள்: அது நடந்ததா? நடந்ததை என்னவென்று சொல்வது? அது நியாயமா? அதை விசாரிக்கும் உரிமை யாருக்கு? இரண்டாவது கேள்விதான் உங்கள் களம். சிசரோ இதற்கு ஓர் உதாரணம் தருகிறார். கோயிலுக்குரிய புனிதப் பொருள் ஒன்று ஒரு தனியார் வீட்டில் இருக்கிறது. ஒருவன் அதைத் திருடிவிடுகிறான். எடுத்ததை அவனே ஒப்புக்கொள்கிறான். அவன் வெறும் திருடனா, தெய்வக் குற்றம் செய்தவனா? நடந்தது என்ன என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடே இல்லை. அதற்கு வைக்கும் பெயரில்தான் சண்டை.

ஆகவே ‘பொய்’ என்பது தலைப்பாகாது. ‘இது பொய்யா?’ என்பதுதான் தலைப்பு. அந்த ‘இது’ கிடைக்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.

ஒரு ‘இது’வை நானே தருகிறேன். ஒருவர் தன் பழைய காரை விற்கிறார். வாங்க வந்தவர் கேட்கிறார்: “வண்டி எங்கேயாவது அடிபட்டிருக்கிறதா?” விற்பவர் சொல்கிறார்: “நான் வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை.” சொன்னது அட்சரசுத்தமான உண்மை. ஆனால் முந்தைய சொந்தக்காரரிடம் இருந்தபோது அந்தக் கார் பெரிய விபத்தில் சிக்கி, முன்பக்கம் முழுவதும் மாற்றப்பட்டது. இவருக்கு அது தெரியும். விஷயம் வெளியே வந்ததும் வாங்கியவர், “என்னிடம் பொய் சொல்லிவிட்டீர்கள்” என்கிறார். விற்றவர், “நான் சொன்னதில் எந்த வார்த்தை பொய், காட்டுங்கள்” என்கிறார்.

இப்போது எதிராளி வந்துவிட்டார். நியாயமாகத் தோன்றும் எதிராளி. அந்தச் சொல்லில் தொங்குவதும் கொஞ்சமல்ல: அது பொய்யென்றால் குற்றம் விற்றவருடையது, பொய் இல்லையென்றால், “நீ சரியாகக் கேட்டிருக்க வேண்டும்” என்று பழி காரை வாங்கியவர் தலையில் விழுகிறது. பெயரை எப்படி வைத்தாலும் எதுவும் மாறாது என்றால் அந்தத் தலைப்பை விட்டுவிடுங்கள். அது வெறும் சொற்சிலம்பம்.

அடுத்து எல்லோரும் ஓடுவது அகராதிக்கு. ஓடுங்கள், ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள். 1893-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தீர்ப்பானது: தக்காளி பழமா, காய்கறியா? வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் 1883-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி இறக்குமதியாகும் காய்கறிக்கு வரி உண்டு, பழத்துக்கு இல்லை. இரு தரப்பு வழக்கறிஞர்களும் அகராதிகளை எடுத்துவந்து நீதிமன்றத்தில் வாசித்தார்கள். தாவரவியல்படி தக்காளி பழம்தான் என்பதை நீதிமன்றமும் ஏற்றது. ஆனாலும் தீர்ப்பு காய்கறி என்றே வந்தது. வாங்குவோரும் விற்போரும் அன்றாடம் அந்தச் சொல்லை எந்தப் பொருளில் புழங்குகிறார்களோ, சுங்கச் சட்டத்துக்கு அதுவே பொருள் என்றார்கள். அகராதி சாட்சி சொல்லும், தீர்ப்புச் சொல்லாது. எந்த அளவுகோல் இந்த வழக்குக்குப் பொருந்தும் என்பதை யாராவது வாதாடி நிறுவித்தான் ஆகவேண்டும். கட்டுரையில் அந்த யாரோ நீங்கள்தான்.

வேர்ச்சொல்லை நம்பி இறங்குவது இன்னொரு பள்ளம். நமக்கு அதில் தனி ஆசை உண்டு. “இந்தச் சொல்லின் வேரைப் பாருங்கள், அதன் உண்மைப் பொருள் இதுதான்” என்று தொடங்கிவிடுவோம். ‘நாற்றம்’ என்ற சொல் பழந்தமிழில் நறுமணத்தையும் குறித்தது. அதை நம்பி இன்று யாரிடமாவது, “உங்கள் மேல் நல்ல நாற்றம் வீசுகிறது” என்று சொல்லிப் பாருங்கள். வேர் சொல்வது வரலாற்றை. வழக்கைத் தீர்க்க அது போதாது.

வரையறை வாதத்துக்கு இரண்டு கால்கள். ஒன்று, இன்னின்ன நிபந்தனைகள் நிறைவேறினால் ஒன்றை இந்தப் பெயரால் அழைக்கலாம் என்பது. மற்றொன்று, நம் கையிலிருக்கும் வழக்கு அந்த நிபந்தனைகளை நிறைவேற்றுகிறது அல்லது நிறைவேற்றவில்லை என்பது. சண்டை எந்தக் காலில் என்று முதலிலேயே கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. புளூட்டோவைப் பாருங்கள். 1930-இல் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து அது கோள். 2006 ஆகஸ்டில் பிராகா நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் சூரியக் குடும்பத்துக் கோளுக்கு மூன்று நிபந்தனை வைத்தது: சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பினாலேயே ஏறக்குறைய உருண்டையாகியிருக்க வேண்டும், தன் சுற்றுப்பாதையின் அண்டைப் பகுதியில் மற்றப் பொருள்கள் மிஞ்சாதபடி செய்திருக்க வேண்டும். புளூட்டோ முதல் இரண்டில் தேறியது, மூன்றாவதில் தோற்றது. அந்த முடிவை ஏற்காதவர்கள் யாரும், “புளூட்டோ தன் பாதையைச் சுத்தம் செய்துவிட்டது” என்று வாதாடவில்லை. “அது ஏன் நிபந்தனையாக இருக்க வேண்டும்?” என்றுதான் கேட்டார்கள். சண்டை முதல் காலில். அந்த நிலையில் இரண்டாவது காலைப் பற்றிப் பத்துப் பக்கம் தரவு கொடுப்பவர் வீணாக மூச்சு வாங்குகிறார். உங்கள் கார் வழக்கும் அதே ஜாதி. விற்றவர் என்ன சொன்னார், அவருக்கு என்ன தெரியும் என்பதில் தகராறு இல்லை. பொய் என்று சொல்ல என்ன தேவை என்பதில்தான்.

சரி, நிபந்தனைகளை எப்படிக் கண்டுபிடிப்பது? தமிழில் வரையறைக்கு ‘இலக்கணம்’ என்றும் பெயர். ‘நட்புக்கு இலக்கணம்’ என்கிறோம் அல்லவா, அந்தப் பொருளில். தருக்க நூலார் இலக்கணத்துக்கு மூன்று குற்றம் சொல்வார்கள். பசுவை வைத்துத்தான் விளக்குவார்கள். ‘கபில நிறமுடையது பசு’ என்றால் வெள்ளைப் பசு வெளியே போய்விடும்: அவ்வியாப்தி. ‘கொம்புடையது பசு’ என்றால் எருமையும் உள்ளே வந்துவிடும்: அதிவியாப்தி. ‘பிளவில்லாத ஒற்றைக் குளம்புடையது பசு’ என்றால் ஒரு பசுகூடத் தேறாது: அசம்பவம். கிரேக்கத்திலும் இதே விளையாட்டு நடந்ததாகக் கதை உண்டு. மனிதன் என்பவன் ‘இறகில்லாத இருகால் விலங்கு’ என்று பிளேட்டோ வரையறுத்தாராம். டயோஜனிஸ் ஒரு கோழியை இறகு பிடுங்கி எடுத்துவந்து, “இதோ பிளேட்டோவின் மனிதன்” என்றாராம். பிறகு ‘அகன்ற நகமுடைய’ என்று ஒரு சொல் சேர்ந்ததாம்.

இந்த வகைக் கட்டுரையை எழுதப் பழகுவது என்றால் உண்மையில் அந்தக் கோழியைத் தேடப் பழகுவதுதான். உங்கள் வரையறைக்கு நீங்களே கோழி பிடிக்க வேண்டும். வாசகர் பிடித்துக் கொண்டுவரும்வரை காத்திருந்தால் மானம் போய்விடும். ‘பொய்’யை வைத்துச் செய்துகாட்டுகிறேன்.

முதல் முயற்சி: உண்மைக்கு மாறாகச் சொல்வது பொய். நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்து ஒருவர் “மணி நாலு” என்கிறார். உண்மையில் மணி ஐந்து. அவரைப் பொய்யர் என்போமா? தவறிவிட்டார் என்போம். எனவே, தெரிந்தே சொல்ல வேண்டும் என்பது சேர்கிறது. ‘தன்நெஞ் சறிவது பொய்யற்க’ என்ற குறளும் கையை வைப்பது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது: உண்மையல்ல என்று தெரிந்தே சொல்வது பொய். மேடையில் ஒரு நடிகர், “நானே இந்நாட்டு மன்னன்” என்கிறார். மன்னனில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் யாரையும் நம்பவைத்து ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இல்லை. எனவே நோக்கம் என்ற நிபந்தனை சேர்கிறது.

மூன்றாவது: உண்மையல்ல என்று தெரிந்த ஒன்றை, கேட்பவர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு சொல்வது பொய். இது கச்சிதமாக இருக்கிறது. பலர் இங்கே நிறுத்திவிடுவார்கள். ஆனால் இந்த வரையறைப்படி கார் விற்றவர் தப்பிவிடுகிறார். அவர் சொன்னதில் உண்மையல்லாத சொல் ஒன்றுகூட இல்லை.

அவர் தப்புவது சரியா? இங்கே இரண்டு தீர்ப்புகளை எதிரெதிரே வைத்துப் பார்க்கலாம். குருக்ஷேத்திரத்தில் துரோணர் தன் மகன் செத்தானா என்று தருமரைக் கேட்கிறார், அவர் பொய் சொல்லமாட்டார் என்ற நம்பிக்கையில். பீமன் அப்போதுதான் அசுவத்தாமன் என்ற பெயருள்ள யானையைக் கொன்றிருக்கிறான். “அசுவத்தாமன் இறந்தான்” என்று உரக்கச் சொன்ன தருமர், “யானை” என்பதை வாய்க்குள் சொல்லிக்கொண்டார். வாக்கியம் முழு உண்மை. ஆனால் அதுவரை நிலத்தில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிய அவர் தேர் தரையில் இறங்கிவிட்டது. கதை சொன்னவரின் தீர்ப்பு அது.

மற்றொரு தீர்ப்பு 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வந்தது. சாமுவேல் பிரான்ஸ்டன் என்ற திரைப்படத் தயாரிப்பாளரைத் திவால் விசாரணையில் கேட்டார்கள்: சுவிஸ் வங்கியில் உங்களுக்குக் கணக்கு இருக்கிறதா? இல்லை என்றார். எப்போதாவது இருந்ததா? “கம்பெனிக்கு அங்கே ஓர் ஆறு மாதம் கணக்கு இருந்தது” என்ற பொருளில் பதில் சொன்னார். கம்பெனிக்கு இருந்தது உண்மை. அவர் பெயரிலும் முன்பு தனிக் கணக்கு இருந்தது. அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கார்க்காரரின் பதிலும் இதுவும் அச்சு அசல் ஒன்றுதான், கவனித்தீர்களா? பொய்ச்சாட்சி வழக்குப் போட்டு, கீழ்நீதிமன்றங்களில் தண்டனையும் உறுதியானது. உச்ச நீதிமன்றம் அதை ஒருமனதாகத் தள்ளிவிட்டது. சொன்னது சொல்லளவில் உண்மை. பதில் நழுவுகிறது என்றால் மடக்கிக் கேட்பது வழக்கறிஞரின் வேலை என்றது.

மாணவர்கள் இப்படி இரண்டு தீர்ப்புகளைப் பார்த்ததும், “பொய் என்பதற்கு ஆளாளுக்கு ஒரு பொருள்” என்று எழுதி முடித்துவிடுவார்கள். அது வாதத்தைக் கைவிடுவது. ஏன் இரண்டும் வேறுபடுகின்றன என்று கேளுங்கள், அங்கேதான் உங்கள் கட்டுரை இருக்கிறது. நீதிமன்றத்தில் கேட்பவர் வழக்கறிஞர். சந்தேகிப்பதுதான் அவர் தொழில். திரும்பத் திரும்பக் கேட்க அவருக்கு வாய்ப்பும் உண்டு. பதில் பொய்யென்றால் சொன்னவர் சிறைக்குப் போக வேண்டும், அதனால் எல்லையை இறுக்கமாக வைக்கிறார்கள். துரோணர் குறுக்கு விசாரணை செய்யவில்லை. நம்பிக் கேட்டார். கார் வாங்க வந்தவர் யாரைப் போல? துரோணரைப் போல என்று நீங்கள் நிறுவிவிட்டால் பாதி வழக்கு ஜெயித்தது. வழக்கறிஞரைப் போல என்று விற்றவர் தரப்பு சொல்லும்: “பணம் கொடுத்து வாங்குகிறவர், துருவிக் கேட்க வேண்டியதுதானே?” இதற்குப் பதில் சொல்லாமல் நகரக் கூடாது.

எல்லையை விரிக்கப் பார்ப்போம். நான்காவது: கேட்பவரைத் தவறாக நம்பவைக்கும் நோக்கத்தோடு செய்யும் எதுவும் பொய். கார்க்காரர் மாட்டிக்கொண்டார். கூடவே, வெளியூர் போகும்போது திருடனுக்குப் பயந்து வீட்டில் விளக்கை எரியவிட்டுப் போகிறவரும் மாட்டிக்கொண்டார். சதுரங்கத்தில் ஒரு பக்கம் தாக்குவது போல் போக்குக் காட்டி மறுபக்கம் அடிப்பவரும் பொய்யர் ஆகிவிட்டார். சரியான அதிவியாப்தி.

ஐந்தாவது: தன் சொல்லை நம்புகிற ஒருவரிடம், அவர் தவறாக நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு ஒன்றைச் சொல்வது பொய். விளக்கு வெளியே போயிற்று, அது சொல் அல்ல. சதுரங்கமும் போயிற்று, எதிராளி யாரும் அங்கே நம்பி உட்காரவில்லை. நடிகர் போனார், கடிகாரக்காரர் போனார். கார்க்காரரும் தருமரும் உள்ளே நிற்கிறார்கள். ‘உண்மையல்லாத’ என்ற நிபந்தனையே இதில் காணாமல் போய்விட்டது, பார்த்தீர்களா? உண்மையான வாக்கியத்தாலும் பொய் சொல்ல முடியும் என்பது சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகக்கூடிய கருத்தல்ல. இதை நிறுவத்தான் உங்களுக்கு மூன்று பக்கம் கொடுத்திருக்கிறார்கள்.

வரையறைக்கு விலையும் உண்டு. வாங்க வந்தவர் விபத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை, விற்றவரும் வாயைத் திறக்கவில்லை என்று வையுங்கள். ஐந்தாவது வரையறைப்படி அது பொய்யாகாது. வஞ்சகமாக இருக்கலாம், பொய் இல்லை. இதைக் கட்டுரையில் நீங்களே ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்டால் வாசகர் உங்களை நம்பத் தொடங்குவார். மறைத்தால் அந்த ஓட்டையில்தான் அவர் கண் போகும்.

எதிர்த்தரப்பின் கடைசி அம்பு ஒன்று இருக்கிறது, அதுதான் கூர்மையானது: “சரி, அது ஏமாற்று. ஏமாற்று என்றே சொல்லிவிட்டுப் போங்களேன். பொய் என்ற சொல்லை ஏன் இழுக்கிறீர்கள்?” வரையறை வாதத்தில் இந்தக் கேள்வி எப்போதும் வரும். பொய்யில் நமக்கு எது உறுத்துகிறது என்று காட்டித்தான் இதை எதிர்கொள்ள முடியும். வாக்கியத்துக்கும் உலகத்துக்கும் பொருத்தமில்லாததா உறுத்துகிறது? அப்படியென்றால் கடிகாரக்காரர் மேலும் கோபம் வர வேண்டும். வருவதில்லை. சொல்லை நம்பியவரை அந்தச் சொல்லாலேயே விழச்செய்வதுதான் உறுத்துகிறது. அது கார்க்காரரின் பதிலில் ஒரு குன்றுமணியும் குறையாமல் இருக்கிறது.

நிபந்தனை மாறினால் முடிவு எப்படி மாறும் என்று பார்க்க வள்ளுவரிடமும் போகலாம். 291-ஆம் குறள் அப்பட்டமான வரையறை: ‘வாய்மை எனப்படுவது யாதெனின் யாதொன்றும் தீமை இலாத சொலல்.’ உண்மை நிகழ்வோடு பொருந்துவது என்ற நிபந்தனை இதில் இல்லவே இல்லை, தீங்கின்மைதான் அளவுகோல். அடுத்த குறளிலேயே கடினமான வழக்கை எடுத்து வைக்கிறார்: ‘பொய்ம்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்.’ 292-ஐப் படித்துவிட்டு, “பொய் சொல்ல வள்ளுவர் அனுமதி கொடுத்துவிட்டார்” என்பவர்களும் உண்டு, அதிர்ச்சி அடைபவர்களும் உண்டு. இரு சாராரும் இடத்தைத் தவறவிடுகிறார்கள் என்பேன். 291-ஐ ஒப்புக்கொண்டவருக்கு 292-ஐ மறுப்பது கடினம். மறுக்க வேண்டுமானால் 291-இல் போய் நிற்க வேண்டும். இரண்டே குறளில் வரையறை வாதத்தின் முழு எலும்புக்கூடும் இருக்கிறது.

நீங்கள் அதைப் பின்பற்றும்போது ஓர் எச்சரிக்கை. கார்க்காரர் சொன்னது பொய்யா என்பதும், அவர் செய்தது தவறா என்பதும் தனித்தனிக் கேள்விகள். தொடக்கத்தில் சொன்ன பேச்சுக்கலை ஆசான்களின் நான்கு கேள்விகளில் இரண்டாவதும் மூன்றாவதும். கொலைகாரனிடமிருந்து ஒருவரைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னது பொய்தான், ஆனால் நியாயமான பொய் என்று ஒருவர் சொல்லலாம். ஒரே கட்டுரையில் இரண்டையும் போட்டுக் குழப்பினால் இரண்டுமே தேறாது.

‘உண்மையான’ என்ற அடைமொழியிடமும் ஜாக்கிரதை. “உண்மையான நண்பன் கடன் கேட்கமாட்டான்”, “உண்மையான கலைஞன் பணத்தைப் பார்க்கமாட்டான்” என்று எழுதும்போது, சொல்லின் மேல் நமக்குள்ள மரியாதையை அப்படியே வைத்துக்கொண்டு பொருளை மட்டும் சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறோம். சார்லஸ் ஸ்டீவன்சன் என்ற தத்துவவாதி 1938-இல் இதைத் தனியாக எடுத்து ஆராய்ந்தார். மாற்றுவது குற்றமல்ல. வள்ளுவர் செய்ததும் மாற்றம்தான், ஆனால் ‘யாதெனின்’ என்று எல்லோர் முன்னாலும் வைத்துச் செய்தார். நீங்களும் மாற்றுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

இனி எழுதும்போது. உங்கள் பழைய பிரதியின் முதல் பக்கத்தை அப்படியே கிழித்துவிடுங்கள். கார் விற்பனையில் தொடங்குங்கள். கேள்வியும் பதிலும் அப்படியே இருக்கட்டும். முதல் பத்தி முடியும்போது உங்கள் நிலைப்பாடு தெரிந்துவிட வேண்டும், இப்படி: “அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனாலும் அவர் சொன்னது பொய். ஒரு கூற்றைப் பொய்யாக்குவது அதிலுள்ள சொற்கள் அல்ல, நம்பிக் கேட்டவரை அவை எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்பதும், சொன்னவர் அதைத்தான் விரும்பினாரா என்பதும்தான்.” பிறகு கடிகாரமும் நடிகரும் எளிதாக ஒப்புக்கொள்ளக்கூடிய வழக்குகள், வாசகரைத் தலையாட்டவைக்க இரண்டு வரி போதும். தருமருக்கும் பிரான்ஸ்டனுக்கும் தாராளமாக இடம் கொடுங்கள், எடை அங்கேதான் இருக்கிறது. ஐந்து முயற்சிகளையும் வரிசையாக அடுக்காதீர்கள். அது உங்கள் சமையலறை. விருந்தாளிக்கு இலையில் வந்தது மட்டும் போதும்.

பழக்கத்துக்கு, கட்டுரை எழுதாத நாள்களில் ஒரு சொல்லை எடுத்து ஒரே வரியில் வரையறுத்து, மறுநாள் அதற்குக் கோழி தேடுங்கள். தியாகம், லஞ்சம், கஞ்சத்தனம், பொறாமை என்று அன்றாடச் சொற்களே போதும். சட்டத்திலும் அறிவியலிலும் ஏற்கெனவே வரையறுத்து முடித்த சொற்களில் நமக்கு அதிக வேலை இருக்காது. நண்பர் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது, அடுத்தவர் வரையறையில் ஓட்டை கண்டுபிடிக்க யாருக்கும் சோம்பல் வருவதில்லை.

ஒன்றை மட்டும் வேண்டுமென்றே உங்களுக்கு விட்டுவைத்திருக்கிறேன். ஐந்தாவது வரையறை ‘தன் சொல்லை நம்புகிற ஒருவரிடம்’ என்கிறது. புளுகன் என்று பெயரெடுத்த ஒருவன் இருக்கிறான்; அவன் சொல்வதை யாரும் நம்புவதில்லை. அப்படியானால் அவன் வாயிலிருந்து வருவது எதுவுமே பொய்யில்லையா? அந்தச் சொற்றொடரை எப்படித் திருத்தினால் அவனும் அகப்படுவான், சதுரங்கக்காரர் அகப்படாமல் இருப்பார் என்று பாருங்கள். அடுத்த பிரதியை அங்கிருந்து தொடங்குங்கள்.